வைத்தியர் கேட்ட ஒரே கேள்வி

ராஜா கதைன்னதும் நிமிர்ந்து உக்காந்துட்டீங்களே! புலி வரும், புதையல் வரும்னுதானே? ரெண்டும் வராது. வர்றது ஒரு வைத்தியர். மனசுக்கு வைத்தியம் பாக்குறவர். கதை முடியறதுக்குள்ள "புலியே தேவல"ம்பீங்க.

பேரு சித்தநாதர். வடக்கே எங்கேயோ படிச்சுட்டு வந்து, திருமேனி ராஜாகிட்ட வைத்தியப் பட்டயம் வாங்கினவர். உப்பளத்துல வேலை பாக்குற பேச்சி, தூக்கம் வரலைன்னு அவர்கிட்ட போனா.

"உன் புருஷன் பேரு என்ன?"

பேச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதட்டிக் கேட்டார். ம்ஹூம், வாயே திறக்கல.

"கட்டினவன் பேரே மறந்துபோச்சு! முத்தின பைத்தியம்!"னுட்டார். ஓலையில முத்திரை விழுந்துச்சு; கொண்டுபோய்க் கொட்டடியில அடைச்சுட்டாங்க.

அவ புருஷன் இசக்கி அழுதுக்கிட்டே வந்து, ராஜாவையே கேலி பண்ணுற அரண்மனை விகடகவி மாடக்கண்ணு கால்ல விழுந்தான். மாடக்கண்ணுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. நேரா சபைக்குப் போனார்.

"மகாராஜா, மனசுக்கு வைத்தியம் பாக்குறவங்க ஆறு மாசம் நம்ம ஜனங்க பழக்கவழக்கத்தைப் படிக்கணும். அப்புறந்தான் பட்டயம்னு சட்டம் போடுங்க."

வைத்தியர் சிரிச்சார். "மனசு எல்லாருக்கும் ஒண்ணுதான் ஓய்! உப்பளத்துக்கு ஒண்ணு, அரண்மனைக்கு ஒண்ணா?"

ராஜாவுக்கு அது நியாயமாப் பட்டுச்சு. "மாடக்கண்ணு, நாளைக்கு நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா பேச்சி உள்ளேயே கிடப்பா. துணைக்கு நீயும் போ!"

மறுநாள் சபை நடுவுல ஒரு திரை தொங்குது. மாடக்கண்ணு அதைக் காட்டினார்.

"உள்ள ஒரு அம்மா இருக்காங்க. புத்தி தெளிவான்னு சொல்லுங்க வைத்தியரே."

"இதென்ன பிரமாதம்! அம்மா, உன் புருஷன் பேரு?"

சத்தமே இல்ல.

"பேரும்மா, பேரு!"

"அதை எப்படிங்க என் வாயால... ஊரைக் கேளுங்க, சொல்லும்."

ராஜாவுக்கு மட்டும் அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "ஊரைக் கேக்கணுமாம்! சுத்தமாக் கழண்டுருச்சு. கொட்டடிதான்."

"நிச்சயமா?"

"என் பட்டயத்து மேல ஆணை!"

மாடக்கண்ணு திரையை இழுத்தார். உள்ள மகாராணி!

மாடக்கண்ணு வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"புருஷன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு பயந்து நம்ம பொம்பளைங்க அதைச் சொல்ல மாட்டாங்க வைத்தியரே. மறந்துபோயா வாயை மூடுறாங்க? நினைப்பு இருக்கப்போய்த்தான் மூடுறாங்க!"

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "பேச்சியை உடனே விடுங்க! சட்டம் இன்னிக்கே அமலுக்கு வரட்டும்! மாடக்கண்ணுக்குப் பட்டு! வைத்தியரைத் திட்டாதீங்கப்பா, பாவம். வெளியூர்க்காரர், நம்ம வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்துல நின்ன தளபதி சும்மா இருந்திருக்கலாம். இருக்கல.

"அவர் வெளியூரு, சரி. பேச்சியை அடைக்கிற ஓலையில முத்திரை குத்தினது நீங்கதானே மகாராஜா? நீங்க எந்த ஊரு?"