மாட்டேன் என்ற கொடி

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் காற்றும் மனிதரோடு வாய்விட்டுப் பேசியபோது, கடற்கரை மணல்மேட்டில் பெயரில்லாத ஒரு கொடி படர்ந்திருந்தது. மகா சாது. படகு இழுப்பவர்கள் "கொஞ்சம் தள்ளு தாயி" என்றால் தள்ளிக்கொள்ளும். வலை காயப்போடுகிறவர்கள் "அந்தப் பக்கம் போ" என்றால் போகும். நண்டு அதட்டினாலும் "சரி" என்றுதான் சொல்லும். இப்படி ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்ததில், ஓரிடத்தில் வேர்விட அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

மேட்டுக்குப் பின்னால் மீன் விற்கும் அஞ்சலையின் குடிசை. அவள் மகள் சிங்காரிக்கு மூன்று வயது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் போதும், மணலில் குப்புற விழுவாள். இரண்டு கையாலும் மணலை இறுக்கிக்கொண்டு "மாட்டேன்!" என்று கத்துவாள். காலைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டாள்.

"ஏன்க்கா, மாட்டேன்னு சொன்னா விட்டுருவாங்களா?" என்று கொடி ஆச்சரியமாகக் கேட்டது.

"நீ வேற! இந்த அடங்காப்பிடாரிகிட்ட நான் படுற பாடு போதாதா? நீயாவது நல்லவளா இரு" என்றாள் அஞ்சலை.

ஐப்பசியில் ஒருநாள் புயல் வந்தது. பின்னாலேயே கடலும் எழுந்து வந்தது. ஊர்ச்சனம் குடிசைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. புயல் மேட்டின் முன்னால் நின்று, "ஏ கொடி, தள்ளு. இந்த மணலை வாரிப் போட்டுட்டா கடல் ஊருக்குள்ள போயிரும்" என்றது.

"ச..." என்று ஆரம்பித்துவிட்டது கொடி. பழக்கதோஷம். அப்போது குடிசைக்குள் சிங்காரி வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. கொடிக்கு மனசு பதறிப்போனது. சட்டென்று குப்புற விழுந்து, கணுவுக்குக் கணு வேரை இறக்கி, மணலை இறுக்கிக்கொண்டது.

"மாட்டேன்!"

புயலிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குக் கோபம் தலைக்கேறியது. இலை இலையாகப் பிடித்து இழுத்தது. இலைகள் நடுவில் கிழிந்தன. கொடி வலியில் அழுததே தவிர, மணலை விடவில்லை. கடைசியில் புயல்தான் அலுத்துப்போய் வேறு பக்கம் திரும்பியது.

விடிந்ததும் அஞ்சலை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மேடு அப்படியே நின்றது. கிழிந்த இலைகளைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொடியைத் தடவிக்கொடுத்து, "போதும்டி என் கண்ணு, புயல் போயிருச்சு. கைய விடு" என்றாள்.

"மாட்டேன்" என்றது கொடி.

சிங்காரி கைதட்டிச் சிரித்தாள்.

அன்று முதல்தான் அடம் பிடித்த அந்தக் கொடிக்கு அடம்பு என்று பெயர். இலை நடுவில் பிளந்தது பிளந்ததுதான். கொடியைப் பிய்த்து எறிந்தாலும் விழுந்த இடத்தில் மறுபடி மணலைப் பிடித்துக்கொள்கிறது.