சிறுத்தை இல்லாத காடு

மூங்கில்பள்ளம் என்ற காட்டில் புள்ளிமான்களும் குரங்குகளும் வாழ்ந்தன. அங்கே சிறுத்தையே கிடையாது. அப்படித்தான் சட்டம் சொன்னது.

சட்டம் போட்டது, காட்டுக்குத் தலைவனாக இருந்த நரி. சிறுத்தையைக் கண்டதாகக் கத்தினால், காட்டின் அமைதியைக் கெடுத்த குற்றத்துக்காக மந்தையை விட்டுத் தள்ளிவைப்பார்கள். தனி மான் இரண்டு நாள் தாங்காது. ஆனாலும் வாரம் ஒரு மான் காணாமல் போனது. மேட்டுக்காட்டில் நல்ல புல் இருப்பதால் அங்கே குடியேறிவிட்டதாக நரி அறிவிக்கும். அதன் வயிறு மட்டும் ஏன் வாராவாரம் உப்புகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வம்பு. மரத்தின் மேலிருந்து ஆபத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பது குரங்குகளின் பரம்பரை வழக்கம். அவையும் பேசாமல் இலை தின்றன.

மருதி என்ற இளம் பெண்மானும் அப்படியே வாயை மூடிக்கொண்டு வளர்ந்தாள்.

ஒரு காலையில் மந்தை ஓடைக்கு வந்தது. மருதியின் தோழி வஞ்சி முன்னால் போய்த் தண்ணீரில் வாய் வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் கோரைப்புல் அசைந்தது. காற்றே இல்லை. புல்லுக்குள் ஒரு வால் நுனி துடிப்பதை மருதி பார்த்துவிட்டாள்.

முன்னங்காலால் தரையை உதைத்தாள். மான்களுக்குள் அதுதான் எச்சரிக்கை. பழக்கம் விட்டுப்போனதால் ஒருவரும் திரும்பவில்லை. பாறைமேல் இருந்த நரி மட்டும் அவளை முறைத்தது. கத்தினால் அவள் கதை முடிந்தது. கத்தாவிட்டால் வஞ்சியின் கதை முடிந்தது.

மருதி கத்தினாள். காடே அதிரக் கத்தினாள். வஞ்சி ஒரே தாவாகத் தாவி மந்தைக்குள் வந்து விழுந்தாள்.

நரி இறங்கி வந்தது. இல்லாததைச் சொல்லி எல்லாரையும் பயமுறுத்தியதால் மருதி இப்போதே மந்தையைவிட்டுப் போகவேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

"போகிறேன்," என்றாள் மருதி. என்ன நெஞ்சுரம் அந்தப் பெண்ணுக்கு! "அந்தக் கோரை வழியாகவே போகிறேன். அதற்குள் ஒன்றுமில்லை என்றால், நீங்கள் பத்தடி முன்னால் நடந்து வழி காட்டுங்கள், ஐயா."

நரி கோரையைப் பார்த்தது. பசியோடு படுத்திருக்கும் சிறுத்தை, கூட்டாளி என்று பார்க்குமா? காலில் முள் தைத்திருப்பதாக முனகிக்கொண்டே நரி பின்னால் நகர்ந்தது.

எல்லா மான்களும் அதைக் கண்டன. முதலில் வஞ்சி வந்து மருதியின் பக்கத்தில் நின்று தரையை உதைத்தாள். பிறகு மந்தையே உதைத்தது. மரத்திலிருந்து குரங்குகள், "சிறுத்தை! சிறுத்தை!" என்று கூச்சல் போட்டன. ஒளிந்திருப்பது தெரிந்துபோன பிறகு சிறுத்தைக்கு அங்கே என்ன வேலை? கோரையை விலக்கிக்கொண்டு எழுந்து நழுவியது. அதன் பின்னாலேயே நரியும் கொஞ்சம்கூட நொண்டாமல் ஓடியது.

பயத்தால் எல்லாரும் வாய்மூடி இருக்கும் இடத்தில், கண்டதைக் கண்டபடி சொல்லும் ஒருவரின் துணிவே அனைவரையும் காக்கும்.