அலவாயர் என்று யாரைச் சொல்வது?

முன்னொரு காலத்தில் குடபுரி நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கமாட்டேன் என்பதில் அவருக்கு மகா வீம்பு. சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாமே என்றால், அது மட்டும் அவருக்கு வராது. தூக்கமும் வராது. தலையணைக்கு அடியில் கத்தி, கட்டிலைச் சுற்றிக் காவலாளிகள். அந்தக் காவலாளிகளே என்ன செய்வார்களோ என்று விழித்துக்கொண்டு படுத்திருப்பார். தூங்காத ராஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்காமல் வேறெங்கே இருக்கும்?

சேனையை நடத்தும் தளவாய் சூரப்பனுக்கு மந்திரி இளந்தத்தரைக் கண்டால் வயிறு எரியும். மந்திரியின் மனைவி பூவாயி, அலவாய் என்ற கடற்கரை ஊர்க்காரி. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒருநாள் சபையில் வந்து நின்றான்.

"மகாராஜா, அலவாய் மக்களின் திமிர் தாங்க முடியவில்லை. 'நீ யார்?' என்று கேட்டால், 'அதை நான் சொல்லக்கூடாது, பக்கத்திலிருப்பவரைக் கேளுங்கள்' என்கிறார்கள். பக்கத்திலிருப்பவனோ, 'இவர் அலவாயர்' என்கிறான். 'என்னையும் அப்படிச் சொல்லேன்' என்றால் சிரிக்கிறான். குடபுரியார் என்று ஒருத்தனும் சொல்வதில்லை. இது ராஜதுரோகம் அல்லவா?"

ராஜா துள்ளி எழுந்தார். "அலவாயர் என்று அழைக்கப்படும் எவரும் பௌர்ணமிக்கு மேல் என் நாட்டில் இருக்கக்கூடாது!"

"எவரும் என்றால், எவருமேதானா மகாராஜா?" என்றார் மந்திரி.

"எவருமேதான். உம் வீட்டு அம்மாளும் சேர்த்துத்தான். நம் சொல் மாறாது."

சூரப்பன் மீசையைத் தடவிக்கொண்டான்.  பூவாயி இல்லாத வீட்டில் மந்திரி என்ன செய்வார்? ஆனாலும் நிதானமாகவே பேசினார்.

"உத்தரவு. ஆனால் அங்கே பிறந்தவர் எல்லோரும் அலவாயர் இல்லை. வெளியூரில் பிறந்த அலவாயரும் உண்டு. ஆள் மாறிப் போகாமல் தாங்களே ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் நல்லது."

ராஜா கிளம்பினார். தளவாயும் தொற்றிக்கொண்டான்.

அலவாயில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டுக்கு முன்னமே வந்துவிட்ட பூவாயி, புருஷனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நம்மள விரட்டுற ராஜாவுக்குச் சோறும் போடணுமாக்கும்?"

"போடு பூவாயி."

"என்னமோ சொல்ல வாரீங்க."

"சொல்லக்கூடாது" என்றார் மந்திரி.

அந்த ஊர் வழக்கம் அப்படி. அங்கே சாப்பிட்டு, கையில் ஆயுதமில்லாமல் கடற்கரை மணலில் படுத்து, மெய்யாகவே அயர்ந்து தூங்கவேண்டும். ஓதம் ஏறிக் கடல் கரைமேல் வரும்போது பார்த்தவர் யாராவது 'அலவாயரே' என்று கூப்பிட்டு எழுப்பினால், அன்றிலிருந்து அவர் அலவாயர். 'எங்களை நம்பிக் கண்மூடியவர்' என்று அதற்கு அர்த்தம். பிறந்த குழந்தைக்கும் அதே விதிதான். தானாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது, சிபாரிசு பிடித்து வாங்கவும் முடியாது.

மீன்குழம்பும் சோறும் ராஜாவின் கண்ணைச் சொக்க வைத்தன. புன்னை நிழலில் மணல் இளஞ்சூடாக இருந்தது. கத்தி உறுத்தியது, கழற்றி வைத்தார். அப்படியே சாய்ந்தார். கடல் மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் எது கடலின் மூச்சு, எது தன் மூச்சு என்று தெரியவில்லை. கனவில் அவர் ஒரு படகில் போனார். படகில் கிரீடமும் இல்லை, காவலும் இல்லை. எங்கே போகிறோம் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மேலே புன்னைப் பூ உதிர்ந்துகொண்டேயிருந்தது.

ஓதம் ஏறியது. தண்ணீர் ராஜாவின் காலை நெருங்கியதைப் பூவாயி பார்த்தாள். தன்னை ஊரைவிட்டு விரட்டும் மனிதர், வாயைத் திறந்துகொண்டு பச்சைப்பிள்ளையாட்டம் தூங்குகிறார். நனையட்டுமே என்றுதான் முதலில் நினைத்தாள். மந்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பெருமூச்சு விட்டுக் குனிந்தாள்.

"அலவாயரே, எந்திரிங்க. தண்ணி வருது."

ராஜா எழுந்து, எந்த உலகம் இது என்று விழித்தார். மந்திரி கைகட்டி நின்றார்.

"மகாராஜா, பௌர்ணமி நெருங்கிவிட்டது. தாங்கள் எந்த நாட்டுக்குப் போவதாக உத்தேசம்?"

மந்திரி ஊர் வழக்கத்தை விளக்கிய பிறகுதான் ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "சொல் மாறாது என்றேன். இந்தத் தூக்கத்தை விட்டு எங்கே போவேன்? மாறிவிட்டது, போம்! யாரும் எங்கும் போகவேண்டாம்."

சூரப்பன் பதறினான். "ஒரு பெண்பிள்ளை கூப்பிட்ட பேருக்கா இவ்வளவு?"

"நீர் தூங்கினீரா, தளவாயே?"

"தங்களைக் காத்துக்கொண்டிருந்தேன்!"

"வாளை மடியில வெச்சுக்கிட்டு எங்களையே முறைச்சிக்கிட்டுல்ல இருந்தாரு" என்றாள் பூவாயி.

"அப்படியானால் இங்கேயே இரும். இவர்கள் உம்மை அலவாயர் என்று கூப்பிட்ட பிறகு சபைக்கு வந்தால் போதும்" என்றார் ராஜா. தளவாய் தினமும் மணலில் படுத்துக் குறட்டை விட்டுப் பார்த்தான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்பவனை எழுப்ப முடியுமா? தினமும் ஓதம்தான் வந்து அவனை எழுப்பியது.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கிளம்பும் முன் ராஜா மந்திரியைக் கேட்டார்.

"இந்தப் பொழுதுக்கு மட்டும் நான் மந்திரியாக இருக்கவேண்டாம், மகாராஜா."

தலைப்பாகையை அவிழ்த்துச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். எத்தனையோ தரம் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார். ஒரு தரமாவது கண்மூடியிருப்பாரா? ராஜ்ஜியக் கவலை விட்டதா? இன்று படுத்தார், தூங்கிப்போனார். தண்ணீர் பாதத்தைத் தொடும் நேரம், கனவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. இத்தனை காலம் 'இந்தாங்க' என்று மட்டுமே கூப்பிட்ட குரல்.

"அலவாயரே, வீட்டுக்குப் போவமா?"