முனையில்லாத கயிறு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோர நாடு ஒன்றில் அலரி என்று ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அண்ணன் வேலப்பன் கயிறு திரிப்பான். அவள் அதைச் சுற்றிச் சுற்றித் தைத்து ஆளுயரச் சங்கு, அலை, யானை என்று உருவங்கள் செய்வாள்.

"இதிலே என்னத்தைப் போட்டு வைக்கிறது?" என்பார்கள் ஊரார்.

"கண்ணைப் போட்டு வையுங்க!" என்பான் வேலப்பன்.

ஒருநாள் வக்கிரமுகன் என்ற மந்திரவாதி வேலப்பனைக் கயிறாக்கித் தூக்கிப் போய்விட்டான். அலரி அவன் மாளிகைக்கு ஓடினாள். கூடம் முழுக்கக் கயிற்று உருவங்கள், முப்பது. எல்லாம் முன்பு மனிதர்கள். ஒவ்வொன்றின் முனையும் நீண்டு வந்து மந்திரவாதியின் இடுப்பில் முடிச்சாகக் கட்டியிருந்தது.

"முனை என் கையில் இருக்கும்வரை உயிரும் என் கையில்," என்றான். "சாயங்காலத்துக்குள் உன் அண்ணனை ஓர் உருவமாகத் தை. மூன்று தரம் முனையைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் கூட்டிப் போ. முனையில்லாத கயிறு உண்டா, பெண்ணே?"

அவன் எறிந்த கயிற்றில் அலரி ஊசியைக் குத்தினாள். கயிறு துடித்தது. பிறகு அவள் ஊசியைக் கயிற்றுக்குள் விடவே இல்லை; நூல் மட்டும் சுற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது.

எல்லோரும் முனையில்தான் தொடங்குவார்கள். அவள் கயிற்றின் நடுவை மடித்துத் தொடங்கினாள். இரட்டைக் கயிறாய்ச் சுற்றச் சுற்றக் குடம் போல வயிறு எழுந்தது, கழுத்து எழுந்தது. கடைசியில் இரண்டு முனைகளும் இரு பக்கமிருந்து வளைந்து உயர்ந்து மேலே சந்தித்தன. முனைகளில் முறுக்கியிருந்த புரிகளைப் பிரித்தாள். கயிறு நடுங்கியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ, அண்ணா."

புரியோடு புரியைக் கோத்து முறுக்கினாள். பொழுது சாய்ந்தது.

"முனை எங்கே?" வக்கிரமுகன் அடியைப் புரட்டினான். அங்கே மடிப்புதான் இருந்தது.

"முனை எங்கே?" கழுத்தைத் தடவினான். இல்லை.

"முனை எங்கே?" மேல் வளைவை விரலால் உருவினான். விரல் நின்றது. அலரிக்கு மூச்சும் நின்றது. ஒரு நார் துருத்திக்கொண்டிருந்தது.

"அகப்பட்டாய்!" என்று வளைவைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க கோத்த இடம் இறுகியது. இன்னும் இழுத்தான். இன்னும் இறுகியது.

படார்! இழுத்த வேகத்தில் அவன் இடுப்பு முடிச்சு அவிழ்ந்தது. முப்பது முனைகளும் விடுபட்டன. முப்பது மனிதர்கள் எழுந்து நின்றார்கள். கையில் ஓர் உயிரும் மிஞ்சாத வக்கிரமுகன் நார்த்தூளாய் உதிர்ந்தான்.

நடுவில் வேலப்பன், தலைக்கு மேல் கைகளைத் தூக்கி, விரலோடு விரலைக் கோத்து நின்றான்.

"அலரி, கை வலிக்குதும்மா. இப்ப விடலாமா?"

"விடலாம், அண்ணா," என்றாள் அலரி. அவள் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.