வாசிப்பான் தேடிய குரல்

கோவையில் ஒரு கணினியில் வாசிப்பான் என்றொரு மென்பொருள் இருந்தது. எழுத்தைக் கண்டால் உரக்கப் படித்துக் காட்டும். அதை எழுதிய மரகதவல்லி, மலைமேல் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அதை அனுப்ப முடிவு செய்தாள். வினாத்தாளைப் படித்துக் காட்ட ஆள் கிடைக்காததால் சென்ற ஆண்டு அங்கே பதினோரு பிள்ளைகள் தேர்வே எழுதவில்லை. இந்த ஆண்டுத் தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

மென்பொருளைப் புது இடத்தில் குடிவைக்கும் நிறுவிகள் இரண்டு முன்வந்தன.

"எனக்குச் சுமையே கிடையாது. வேண்டியதைப் போன இடத்தில் இணையத்திலிருந்து வரவழைத்துக்கொள்வேன்" என்றது சின்ன நிறுவி.

"நான் கனம்தான். உனக்கு வேண்டியவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவேன்" என்றது பெரிய நிறுவி.

"எனக்கு யார் வேண்டும்? தனியாகத்தானே படிக்கிறேன்?" என்றது வாசிப்பான். அதற்கு உண்மையிலேயே தெரியாது.

மரகதவல்லிக்கு அவசரம். சட்டென்று பிரதியாகும் சின்னதையே பென்டிரைவில் போட்டு அனுப்பினாள்.

பள்ளியில் ஆசிரியர் சூசைராஜ் வாசிப்பானைத் திறந்தார். அது வாயசைத்தது, சத்தம் வரவில்லை.

"என் குரல் எங்கே?"

"அது உன்னுடையது இல்லையே" என்றது பள்ளிக் கணினி. "ஒலிநூலகம் என்று ஒருத்தி அங்கே உன்னோடு இருந்திருப்பாள். நீ படித்ததெல்லாம் அவள் தொண்டையில். இங்கே இணையம் இல்லை, உன் நிறுவியால் அவளை அழைக்க முடியவில்லை."

வாசிப்பானுக்கு வெட்கத்தைவிட வியப்பே மேலோங்கியது. "இத்தனை நாள் கூடவே இருந்தாளா? எப்படி இருப்பாள்?"

சூசைராஜ் மரகதவல்லிக்குப் போன் செய்தார். "திறக்குதும்மா, பேச மாட்டேங்குது."

"தப்பு என்னோடதுதான் சார். என் கணினில எல்லாமே ஏற்கெனவே இருந்துச்சு. ஒண்ணுமே இல்லாத கணினில ஓட்டிப் பாத்திருக்கணும்."

அன்றே ஒரு வெறும் கணினியைத் தேடிப்பிடித்து, பெரிய நிறுவியை அதில் ஓட்டிப் பார்த்தாள். வாசிப்பான் அங்கே பேசிய பிறகே நிறுவியைப் பென்டிரைவில் போட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். பள்ளியில் பெரிய நிறுவி முதலில் ஒலிநூலகத்தை இறக்கிவிட்டது.

"நீதானா?" என்றது வாசிப்பான்.

"நான்தான். முதல் நாளிலிருந்தே" என்றாள் அவள்.

தேர்வன்று முதல் கேள்வி ஒலித்ததும், விடை எழுதப் பிரெய்ல் தாளில் விரல் வைத்திருந்த மாணவி கிருபா தலை நிமிர்த்தினாள்.

"யார் படிக்கிறது?"

"நாங்கள்" என்றது வாசிப்பான்.