சலேத்தின் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்

மணல்மேட்டூர்ப் பங்குச் சாமியார் இராயப்பர் நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சீக்காளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார். சண்டை சச்சரவு என்றால் மட்டும் ஒதுங்கிப் போய்விடுவார்.

அதே ஊரில் சலேத் என்று ஒரு பெண். கருவாட்டுக் கொட்டகையில் வேலை. கல்யாணம் ஆகாமலே ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். தகப்பன் யார் என்று ஊர் கேட்டது. அவள் சொல்லவில்லை. மிரட்டிக் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று சாமியாரிடம் மட்டும் வந்து கேட்டாள்.

"பார்ப்போம் தாயி. கொஞ்சம் பொறு" என்றார் அவர்.

அந்தக் கொஞ்சம் மாசக் கணக்கில் நீண்டது. அவள் பக்கத்துப் பங்குக்குப் போய்க் கேட்டாள். "உங்க சாமியார் இருக்கும்போது நான் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினா நல்லா இருக்குமா?" என்று அந்தச் சாமியாரும் கழன்றுகொண்டார். திரும்பி வந்தவள் இராயப்பரிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் இல்லைன்னா, பிள்ளையைத் தூக்கிட்டுக் கேரளாவுக்கு இறால் கம்பெனி வேலைக்குப் போயிருவேன் சாமி. பிறகு என் பிள்ளைக்கு இந்த ஊரும் வேண்டாம், கோயிலும் வேண்டாம்."

சொன்னவள் அழவில்லை. அழுதிருந்தால் அவரும் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தேரிக்காட்டுக்குப் போனார். அங்கே செம்மணலுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீட்டில் அமலோர் சாமி இருந்தார். குருமடத்தில் இராயப்பருக்குச் சட்டமும் செபமும் சொல்லிக்கொடுத்த குரு. ஆயர் கூப்பிட்டுப் பெரிய பதவி கொடுத்தபோது, "அந்த நாற்காலியில உட்கார்ந்தா எனக்குக் கால் தரையில படாது" என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டவர். அப்படி ஒரு ஆளை இனி எங்கே போய்ப் பார்ப்பது!

பெரியவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இராயப்பரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். பிள்ளை விசுவாசத்தில வளரும்ங்கிற நம்பிக்கை இல்லைன்னா, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சட்டத்தில இடம் இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்போ நான் செய்யுறது சரிதானே?"

"எந்தப் பிள்ளைக்கு?"

இராயப்பர் எல்லாவற்றையும் சொன்னார்.

"தாய்க்காரி பூசைக்கு வருவாளா?"

"தினமும் வருவா. கடைசித் தூண் பக்கத்தில நிப்பா."

"பிள்ளை?"

"அவ தோளில கிடக்கும்."

"பிறகு நம்பிக்கை இல்லாதது யாருக்கு?"

இராயப்பர் இன்னொரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"சட்டத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்டே" என்றார் பெரியவர். "அது எனக்குத் தெரியும். நீ எதுக்குப் பயப்படுதே, அதைச் சொல்லு."

"ஊர்த் தலைவர் கஸ்பார் வந்தாரு சாமி. நான் அந்தப் பிள்ளைக்கு ஊத்தினா, திருவிழாவுக்குச் சப்பரம் தூக்க ஒரு ஆம்பிளை வரமாட்டான்னு சொல்லிட்டாரு. மாதா சப்பரம் ஒரு வருசம்கூடத் தெருச் சுத்தாம இருந்தது இல்ல. என் காலத்தில நின்னு போச்சுன்னா?"

"எந்த மாதா?"

"நம்ம மாதாதான் சாமி."

"கையில பிள்ளையோட நிக்காளே, அவளா?"

"அவதான்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. இராயப்பர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வை" என்றார் பெரியவர்.

"பிள்ளையைப் பிடிச்சு நிக்க ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்கு ஆளே கிடையாது சாமி. கேக்காத வீடு இல்ல. ஊர்ப் பொல்லாப்புக்குப் பயந்து ஒருத்தரும் வரமாட்டேங்காங்க."

"ஒருத்தர் போதும்லா?"

"சட்டப்படி போதும்."

"வருவாங்க. நீ வாசல்ல போய் நில்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. ஊர் கலையவில்லை. வேடிக்கை பார்க்க நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பெண்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் நின்றார்கள். ஆண்கள் கைகட்டிக்கொண்டு கஸ்பாருக்குப் பின்னால் நின்றார்கள். கோயில் வாசற்படிக்குக் கீழே பிள்ளையோடு சலேத் தனியாக நின்றாள். துவைத்துத் துவைத்துச் சாயம் போன சேலைதான், ஆனால் மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். தலையைக் குனியவில்லை. என்ன நெஞ்சுரம் பாருங்கள் அந்தப் பெண்ணுக்கு!

இராயப்பர் பூசை உடுப்போடு வாசலில் வந்து நின்றார். ஞானத்தகப்பனாக நிற்க யாரும் முன்னால் வரவில்லை. கஸ்பார் தொண்டையைச் செருமினார்.

அப்போதுதான் தெருமுனையில் அமலோர் சாமி வந்தார். முழங்கால்வரை செம்மண். அவ்வளவு தூரம் அந்த வயதில் நடந்தே வந்திருந்தார். ஊர் முழுக்க விலகி வழிவிட்டது. "தோத்திரம் சாமி, தோத்திரம் சாமி" என்று கஸ்பாரே முதலில் கும்பிட்டார். யார் எப்படிப் பேசினாலும் அமலோர் சாமி என்றால் அந்தக் கடற்கரையில் ஒரு மரியாதைதான்.

இராயப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சடங்கு செய்கிறவர் போடும் வெள்ளைப் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் குருவிடம் நீட்டினார்.

"நீங்களே ஊத்திருங்க சாமி. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பெரியவர் அதை வாங்கவில்லை.

"நான் ஊத்த வரல. பிள்ளையைப் பிடிக்க வந்தேன்."

"புரியல சாமி."

"ஞானத்தகப்பன் வேணும்னு சொன்னீங்கள்லா?"

குருமடத்து நாளிலிருந்து நீ, வா, போ என்றே பேசியவர். ஊர் முன்னால் கோயில் வாசலில் நிற்கும்போது மரியாதையாகப் பேசினார்.

கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை. "சாமிமாரு ஞானத்தகப்பனா நிக்கலாமா? அப்படி எங்கயும் கேள்விப்பட்டது இல்லையே!"

"உங்க பங்குச் சாமியாரைக் கேளும்வே. சட்டம் அவருக்கு அத்துப்படி."

எல்லோரும் இராயப்பரைப் பார்த்தார்கள்.

"நிக்கலாம்" என்றார். பட்டையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அமலோர் சாமி சலேத்துக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையைப் பெற்றவளைத் தவிர ஊரில் ஒருவர் தூக்கினதில்லை. சலேத் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு கொடுத்தாள். அதுவரை நிமிர்ந்து நின்றவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

"பிள்ளைக்கு என்ன பேரு?" என்று இராயப்பர் சடங்கைத் தொடங்கினார்.

"அமலி" என்றாள் சலேத்.

"திருச்சபைகிட்ட என்ன கேக்கிறே?"

"ஞானஸ்நானம் சாமி."

அடுத்த கேள்வி ஞானத்தகப்பனுக்கு. எத்தனையோ பேரிடம் கேட்டுப் பழகிய கேள்விதான். தன் குருவைப் பார்த்துக் கேட்க இராயப்பருக்குக் கூச்சமாக இருந்தது.

"இந்தப் பிள்ளையை விசுவாசத்தில வளர்க்க, இந்தத் தாய்க்குத் துணையா நிக்கத் தயாரா இருக்கீங்களா?"

பெரியவர் பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இது பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்றார்.

"சாமி…"

"பொய் சொல்லி ஞானஸ்நானம் வாங்கக் கூடாதுல்லா? எனக்குப் பிறகு இவளுக்குத் துணையா யாரு நிப்பான்னு தெரிஞ்சாத்தான் நான் பதில் சொல்ல முடியும். நீங்க நிப்பீங்களா?"

இராயப்பர் கஸ்பாரைப் பார்த்தார். கைகட்டி நின்ற ஆண்களைப் பார்த்தார். பிறகு குருவைப் பார்த்தார்.

"நிப்பேன் சாமி."

"என்கிட்ட ஏன் சொல்லுதீங்க? பெத்தவகிட்டச் சொல்லுங்க."

இராயப்பர் வாசற்படியை விட்டு இறங்கினார். சலேத்துக்கு முன்னால் போய் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"நான் நிப்பேன் தாயி."

அமலோர் சாமி பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அப்போ நானும் தயார். உள்ள கூட்டிட்டுப் போங்க சாமி."