பலா அறுத்த நாட்கள்

மலைச்சரிவில் பூவணத்தம்மையின் குடிலில் சேந்தன் வெகுகாலம் சீடராக இருந்தார். அதற்கு முன்பு கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் காலை மடக்கி, கை கட்டித்தான் உட்காருவார்.

சேந்தனுக்கு இருந்தது ஒரே குறை. கண்ணை மூடினால் உள்ளே ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. எத்தனை வருஷம் உட்கார்ந்தும் அது அடங்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. குடிலுக்குக் கீழே ஓடையின் மேல் இருந்த மரப்பாலம் வெள்ளத்தோடு போனது. காற்றில் கரையோரப் பலா ஒன்றும் வேரோடு சாய்ந்தது.

மழை விட்டதும் அக்கரையில் குடியிருந்த ஆண்டியப்பன், குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தான்.

"என் பொண்டாட்டி மயிலாத்தாளுக்கு நிறைமாசம், சாமி. வலி எடுத்தா இந்தத் தண்ணியைத் தாண்டி அவளை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

அம்மை சேந்தனைப் பார்த்தார்.

"சாய்ந்த பலா இருக்கிறதே. மேலே லாரி வராது. கிடக்கிற இடத்திலேயே அறுத்துப் பலகை எடுத்துவிடலாம்" என்றார் சேந்தன்.

அடுத்த மலையில் ஒரு காப்பித் தோட்டம். அங்கே கொட்டகைச் சுவரில் மோட்டார் ரம்பங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எதை வேண்டுமானாலும் எடுத்துப்போகச் சொன்னார்கள். சேந்தன் நெடுநேரம் நின்று பார்த்தார். இருப்பதிலேயே பெரியதை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சங்கிலி ஓடும் அதன் வாள் அவர் இடுப்பு உயரம் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஓர் எஞ்சின் கைக்கு வந்ததில் அவருக்கு நடையே மாறிவிட்டது.

மரத்தின் மேல் வைத்து அழுத்தினார். ரம்பம் உறுமியது. புகை வந்தது. நீளமான வாள் மரத்துக்குள் துவண்டு, அறுப்பு பாம்பு போன தடம் மாதிரி வளைந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு பலகைகூட உருப்படியாக வரவில்லை.

அம்மை இறங்கி வந்தார். மரத்தடியில் குவிந்திருந்த மஞ்சள் தூளை அள்ளிப் பார்த்தார். கோதுமை மாவு போல நைசாக இருந்தது.

"மாவு நன்றாக அரைபடுகிறது" என்றார்.

"மரம் பிடிவாதம் பிடிக்கிறது, அம்மை."

"இந்த ரம்பத்தை யாருக்காக எடுத்தீர்கள்?"

"பாலத்துக்காக."

"பாலம் இவ்வளவு பெரியதையா கேட்டது?"

சேந்தன் மரத்தைப் பார்த்தார். மரம் இரண்டு சாண் அகலம்தான். அவர் ரம்பங்களை அளந்தாரே தவிர மரத்தை அளக்கவில்லை. குனிந்து சங்கிலியின் பல்லைப் பார்த்தார். குறுக்கே வெட்டுவதற்கென்று சாய்வாகத் தீட்டிய பல். நெடுக்கே போகச் சொன்னால் அது என்ன செய்யும்?

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தார். சின்ன ரம்பம் இந்த வேலைக்கு மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். மரத்தின் அகலத்தைவிடக் கொஞ்சமே நீண்ட வாளுள்ள நடுத்தர ரம்பம் ஒன்றை எடுத்தார். பலகையின் கனம் மாறாமல் இருக்க அதோடு பூட்டும் இரும்புச் சட்டத்தையும் கேட்டு வாங்கினார். பிறகு ஓடைக்கரையில் உட்கார்ந்து, அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஏறக்குறைய நேராகத் தீட்டினார். முதல் அறுப்பு வளையாமல் இருக்க நேரான ஓர் ஏணியை மரத்தின் முதுகில் அறைந்து, அதன் மேல் சட்டத்தை வைத்துத் தொடங்கினார்.

ரம்பம் தானாகவே முன்னே போனது. தூளுக்குப் பதில் பருமனான சீவல் பறந்தது. ஏணியோடு மேல் துண்டையும் எடுத்தபோது பலாவின் உட்புறம் மஞ்சளாக, ஈரமாக, அப்போதுதான் விடிந்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று அவருக்குத் தெரியாது. ஓடையிலிருந்து பனி எழும்பி மரத்தை மூடும். அதற்குள் அவர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல நடப்பார். தாடியெல்லாம் மஞ்சள். எஞ்சின் சத்தம் மலையில் மோதித் திரும்பிவந்து, பிறகு அதுவும் கேட்காமல் போகும். ஆண்டியப்பன் பலகைகளைத் தூக்கிப்போவதும் ஆணி அடிப்பதும் எங்கோ தூரத்துக் கரையில் நடப்பது போலிருக்கும்.

வலி எடுத்த அன்று மயிலாத்தாள் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தாள். பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே தண்ணீரில் மிதந்துபோகும் மஞ்சள் சீவல்களைப் பார்த்தாள். வலி தணிந்ததும் மீதியை நடந்தாள். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று மறுநாள் சேதி வந்தது.

சேந்தன் நிறுத்தவில்லை. மிச்ச மரத்தையும் அறுத்துக் குடிலுக்குப் பின்னால் அடுக்கினார். அதுவும் தீர்ந்த பிறகு, ஒரு மத்தியானம், கரையில் நின்றிருந்த இன்னொரு பலாவைச் சுற்றிப் புதரைக் கழித்தார். ரம்பத்துக்குப் பெட்ரோல் ஊற்றினார்.

அம்மை வந்து அந்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் போங்கள், அம்மை. மரம் இங்கேதான் விழும்."

"எதற்கு விழ வேண்டும்?"

"பாலத்துக்குக் கைப்பிடி வைக்கலாம்."

"பின்னால் அடுக்கிய பலகை போதாதா?"

சேந்தன் ரம்பத்தைக் கீழே வைத்தார். 

"உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் உட்கார்ந்து கிடைக்காதது இந்த ரம்பம் ஓடும்போது கிடைக்கிறது. உள்ளே சத்தமே இல்லை. உள்ளே யாருமே இல்லை. நான்கூட இல்லை. அதை விட்டுவிட மனசு வரவில்லை, அம்மை."

"நல்லது. அப்படியானால் ஓட்டுங்கள்" என்றார் அம்மை. எழுந்திருக்கவில்லை.

சேந்தன் குனிந்து ரம்பத்தின் கயிற்றை இழுத்தார். ரம்பம் உயிர்பெற்றது. தூக்கினார். அடிமரத்தை நோக்கி ஓர் அடி வைத்தார். பிறகு நின்று, அணைத்துவிட்டார்.

"எப்படி அறுப்பேன்? நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே."

"உள்ளே யாருமே இல்லை என்றீர்களே. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது யார்?"